புதுப்பந்தும் ஒரு ரங்காச்சாரியும்

திருவரங்கத்தில் 'ரங்காச்சாரி' என்று உரக்கக் கூப்பிட்டால், உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலுமாக நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெயர் அரங்கனுக்கு உரியது, ஊருக்கும் உரியது. பெயரைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் உருவங்களும் ஏறத்தாழ முடிவாகிவிட்டவை: உரை சொல்லும் பண்டிதர், கணக்கு வாத்தியார், வக்கீல், பாங்கு குமாஸ்தா. கையில் சிவப்புப் பந்தோடு வெயிலில் ஓடிவந்து, உலகின் தலைசிறந்த மட்டையாளர்களை அச்சுறுத்தும் ஒருவராக ரங்காச்சாரியைக் கற்பனை செய்ய நாம் பழகவில்லை. ஆனால் அப்படி ஒருவர் இருந்தார். கோமாண்டூர் ராஜகோபாலாச்சாரி ரங்காச்சாரி என்பது முழுப்பெயர். இராமாநுசரின் சீடர்களுள் கோமாண்டூர் இளையவில்லி ஆச்சானை அறிந்தவர்களுக்கு அந்த முதற்பெயர் புதிதாக இராது. 1916 ஏப்ரல் 14 அன்று செங்கற்பட்டுச் சீமையின் மாமண்டூரில் பிறந்தவர். இந்தியாவுக்காக நான்கே டெஸ்ட் பந்தயங்கள் ஆடினார். எடுத்த விக்கெட்டுகள் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் கொடுத்த ஓட்டங்கள் சராசரியாக 54.77.

இந்த எண்ணைப் பார்த்ததும் வாசகர் உதட்டைப் பிதுக்கலாம். கிரிக்கெட் வரலாற்றில் எண்கள் பேசுகின்ற அளவுக்கு மறைக்கவும் செய்கின்றன என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தமிழ் மண்ணுக்கும் தமிழ் உடம்புக்கும் சுழற்பந்துதான் இயல்பு, வேகம் நமக்கு வராது என்றொரு எண்ணம் நம்மிடையே பல்லாண்டுகளாக வேரூன்றிக் கிடக்கிறது. வி.வி.குமார், வெங்கட்ராகவன், அஸ்வின் என்று சான்றுகளும் அடுக்கப்படுகின்றன. மண்ணைப் பற்றிய பாதி மட்டும் உண்மை. உடம்பைப் பற்றிய பாதி, விசாரணையே இல்லாமல் எழுதப்பட்ட தீர்ப்பு.

மண்ணை முதலில் பார்ப்போம். திருச்சிராப்பள்ளியின் கல்லூரி மைதானங்களிலும் பொன்மலை ரயில்வே மைதானத்திலும் ஆடி வளர்ந்தவர்களுக்குத் தென்னை நார்ப் பாய் விரித்த ஆடுகளம் நினைவிருக்கும். செம்மண்ணும் சரளையும் இறுகிக் கிடக்கும் தரைமேல் பாயை இழுத்துக் கட்டி, நான்கு பக்கமும் ஆணி அறைவார்கள். பாயை எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்பதிலேயே உள்ளூர் அரசியல் தொடங்கிவிடும். இறுக்கம் கூடினால் பந்து எகிறும்; தளர்ந்தால் பாயின் இழைகள் பந்தைப் பிடித்துத் திருப்பும். இரண்டிலும் ஆதாயம் அடைபவன் மிதவேகக்காரனும், பந்தை வெட்டித் திருப்புகிறவனுமே. உயிரைக் கொடுத்து ஓடிவந்து வீசுபவனுக்கு அதில் பெரிய லாபம் கிடையாது. சொரசொரப்பான தரையில் புதுப்பந்தின் மெருகு அரை மணி நேரத்தில் போய்விடும். ஏப்ரல் மாதத்து உறையூர் வெயிலில் ஐந்து ஓவர் வீசிய பையன் ஆறாவது ஓவரை யாரிடமாவது தள்ளிவிடத்தான் பார்ப்பான்.

சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் வருகிறார்கள் என்பதை நண்பர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நான் அறிந்த வரையில் அந்த வீதிகளில் மட்டைக்குச் சண்டை நடந்திருக்கிறது, பந்துக்கு நடந்ததில்லை. மட்டை பிடிப்பவன் தலைவன். வேகமாக வீசுபவன் கூலிக்காரன். கிரிக்கெட்டில் வேகப்பந்து என்பது உடலுழைப்பு. உடலுழைப்பைப் பற்றி நம் சமூகம் வைத்திருக்கும் பழைய அபிப்பிராயங்கள் மைதானத்தின் எல்லைக்கோட்டில் செருப்பைப் போலக் கழற்றி வைக்கப்படுவதில்லை.

இத்தனைக்கும், இந்தியாவின் டெஸ்ட் வரலாறு தொடங்கியதே வேகப்பந்தில்தான். 1932 ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடியபோது, முகமது நிசாரும் அமர்சிங்கும் புதுப்பந்தைப் பகிர்ந்துகொண்டார்கள். இங்கிலாந்தின் முதல் மூன்று விக்கெட்டுகள் 19 ஓட்டங்களுக்கு வீழ்ந்தன. நிசார் அந்த இன்னிங்ஸில் 93 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். சென்னையிலும் அப்போது ஒரு வேகப்பந்து வீச்சாளர் உருவாகிக்கொண்டிருந்தார். எம்.ஜே.கோபாலன், இவரும் செங்கற்பட்டுச் சீமைக்காரர். மொரப்பாக்கத்தில் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். அவருடைய ஆற்றலைக் கண்டுகொண்டு பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை வாங்கித் தந்தவர் சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் தொடங்கியபோது முதல் பந்தை வீசியவர் கோபாலன்தான். எதிரணியான மைசூர் 48, 59 என்று சுருண்டு, பந்தயம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஆனால் அன்று பதினொரு விக்கெட் எடுத்தவர் இடக்கைச் சுழற்பந்துக்காரரான ஏ.ஜி.ராம்சிங். சென்னை கிரிக்கெட்டின் பிற்கால வரலாறு முழுவதும் அந்த முதல் நாளிலேயே எழுதப்பட்டுவிட்டதோ என்றுகூடத் தோன்றுகிறது.

கோபாலனின் கதையில் இன்னொரு துயரமும் உண்டு. அவர் ஹாக்கியிலும் தேசிய ஆட்டக்காரர். 1935இல் தியான் சந்தோடு நியூசிலாந்து சென்று வந்தவர். 1936இல் ஒரே பருவத்தில் இரண்டு வாசல்கள் திறந்தன: பெர்லின் ஒலிம்பிக்கிற்கு ஹாக்கி அணி, இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் அணி. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. கிரிக்கெட் அணி கோபாலனை ஒரு டெஸ்டில்கூட ஆடவிடாமல் திரும்ப அழைத்து வந்தது. அவர் ஆடிய ஒரே டெஸ்ட் 1934 ஜனவரியில் கல்கத்தாவில், ஜார்டினின் அணிக்கு எதிராக. அதில் கிடைத்தது ஒரு விக்கெட். அவர் அதன்பின் நீண்டகாலம் வாழ்ந்து 2003 டிசம்பரில் மறைந்தார்.

ரங்காச்சாரிக்கு இருபது வயதானபோது இந்தியா இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த டெஸ்டை இந்தியா ஆடியபோது அவருக்கு முப்பது. நடுவே உலக யுத்தம். ஒரு வேகப்பந்து வீச்சாளனின் உடல் கனிந்து நிற்கும் ஆண்டுகள் இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டு வரை என்றால், அவருடைய அந்த ஆண்டுகள் அனைத்தும் ரஞ்சிப் பந்தயங்களிலும் உள்ளூர் ஆட்டங்களிலும் கரைந்துபோயின. அமர்சிங் 1940இல் இருபத்தொன்பது வயதில் இறந்துபோனார். 1947இல் தேசம் இரண்டாகப் பிளந்தபோது நிசார் பாகிஸ்தானுக்குச் சென்றார். இந்திய வேகப்பந்தின் மூலச்சேமிப்பு பஞ்சாபின் அந்தப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த லாகூர் இளைஞர் பஸல் மகமூத், பிரிவினையின் ரத்தக்களரிக்கு நடுவே தப்பி வீடு சேர்ந்து, இந்திய அணியோடு போவதில்லை என்று முடிவெடுத்தார். விஜய் மெர்ச்சன்ட், முஷ்டாக் அலி, ரூசி மோடி ஆகியோரும் வெவ்வேறு காரணங்களால் போகவில்லை. எஞ்சிய அணி லாலா அமர்நாத்தின் தலைமையில் ஆஸ்திரேலியா சென்றது. அதில் முப்பத்தொரு வயது ரங்காச்சாரியும் இருந்தார்.

எதிரே நின்றது பிராட்மனின் அணி. அதே அணிதான் சில மாதங்களுக்குப் பின் இங்கிலாந்தில் ஒரு பந்தயத்தில்கூடத் தோற்காமல் திரும்பியது. முதல் மூன்று டெஸ்டுகளில் ரங்காச்சாரிக்கு இடமில்லை. நான்காவது டெஸ்ட் 1948 ஜனவரி 23 அன்று அடிலெய்டில் தொடங்கியது. ஆஸ்திரேலியா முதலில் ஆடி 674 ஓட்டங்கள் குவித்தது. பிராட்மன் 201, ஹாஸெட் ஆட்டமிழக்காமல் 198, பார்ன்ஸ் 112. இந்த எண்களுக்கு அடியில் ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் நின்று படிப்பதில்லை. ரங்காச்சாரி: 41 ஓவர், 5 மெய்டன், 141 ஓட்டங்கள், 4 விக்கெட்.

அக்காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு எட்டுப் பந்துகள். அதாவது 328 பந்துகள். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 55 ஓவர்கள். ஜனவரி மாதத்து அடிலெய்டின் கோடையில், தன் முதல் டெஸ்டில், முப்பத்தொரு வயதில் ஒருவர் ஒரே இன்னிங்ஸில் இத்தனை பந்துகளை ஓடிவந்து வீசியிருக்கிறார். இன்னும் சற்று உற்றுப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. அந்த இன்னிங்ஸில் பந்துவீசிய ஆறு பேரில் ஓட்டம் கொடுப்பதில் மிகவும் கஞ்சத்தனம் காட்டியவர் அவரே. சிக்கனத்துக்குப் பெயர்போன வினூ மன்காட் ஏறத்தாழ அதே அளவு பந்துகளில் 170 ஓட்டங்கள் கொடுத்தார். சர்வாடே 22 ஓவரில் 121 கொடுத்தார். நூறு பந்துக்கு என்று கணக்கிட்டால் ரங்காச்சாரி கொடுத்தது 43, மன்காட் 49, சர்வாடே 69. பிராட்மனும் ஹாஸெட்டும் ஆடிய நாளில், சுழற்பந்துக்காரர்களைவிட ஒரு தமிழ் வேகப்பந்துக்காரர்தான் ஓட்டத்தை அடக்கிப் பிடித்தார். அவர் வீழ்த்திய நால்வருள் கீத் மில்லரும் ஒருவர். அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் விஜய் ஹசாரேயின் இரட்டைச் சதங்களைப் பேசுவார்கள், நியாயம்தான். 116, 145 என்று லிண்ட்வாலையும் மில்லரையும் எதிர்த்து அவர் ஆடியது மகத்தானது. ஆனால் ஹசாரேக்குக் கிடைத்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காவது ரங்காச்சாரிமேல் விழுந்திருக்கலாம். பந்தயத்தை இந்தியா இன்னிங்ஸ் மற்றும் 16 ஓட்டங்களில் தோற்றது. ஜனவரி 28 அன்று ஆட்டம் முடிந்தது. இரண்டு நாள் கழித்து டில்லியில் காந்தி சுடப்பட்டார்.

அந்தச் செய்தியைத் தொலைதேசத்தில் கேட்டவர்கள் ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 6 அன்று, மெல்போர்னில் கடைசி டெஸ்டை ஆட இறங்கினார்கள். ஆஸ்திரேலியா 8 விக்கெட்டுக்கு 575. இளம் நீல் ஹார்வி 153. ரங்காச்சாரிக்கு 97 ஓட்டங்களுக்கு விக்கெட் இல்லை. இதைப்பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை.

அதே ஆண்டு நவம்பரில் மேற்கிந்தியத் தீவு அணி முதன்முறையாக இந்தியாவுடன் டெஸ்ட் ஆட வந்தது. முதல் டெஸ்ட், டில்லி பெரோஷா கோட்லா மைதானம். அங்கு நடந்த முதல் டெஸ்டும் அதுவே. குளிர்காலக் காலையில் புதுப்பந்து ரங்காச்சாரியின் கையில். ஆலன் ரே, ஜெஃப் ஸ்டால்மையர், ஜார்ஜ் ஹெட்லி என்று மூவரையும் அவரே வெளியேற்றினார். மேற்கிந்தியத் தீவு 27 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். ஹெட்லியைப் பற்றி ஒரு வார்த்தை: இரு யுத்தங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிராட்மனுக்கு நிகராக வைத்துப் பேசப்பட்ட மட்டையாளர் அவர் ஒருவரே. அவர் இந்திய மண்ணில் ஆடிய ஒரே டெஸ்ட் இது. எடுத்தது 2 ஓட்டங்கள்.

27க்கு 3 என்ற அந்தக் கணத்தில் ஆட்டத்தை நிறுத்திப் பார்க்க ஆசையாக இருக்கிறது. சுதந்திர இந்தியா சொந்த மண்ணில் ஆடும் முதல் டெஸ்டின் முதல் காலை. லார்ட்ஸில் பதினாறு ஆண்டுகளுக்கு முன் நிசார் நிகழ்த்தியதற்கு இணையான ஒன்றை மாமண்டூர்க்காரர் நிகழ்த்திவிட்டார். ஆனால் எதிர்முனையிலிருந்து அந்த அழுத்தத்தைத் தொடர ஓர் அமர்சிங் இல்லை. வேகப்பந்து எப்போதும் ஜோடியாகத்தான் வேட்டையாடும். ஒரு முனையில் மூச்சுமுட்டியவன் மறுமுனையில்தான் தவறிழைப்பான். அந்த மறுமுனை இந்தியாவிடம் இல்லை. பந்தின் மெருகு போனது. கிளைட் வால்காட் 152, ஜெரி கோமஸ் 101. இருவரும் நான்காவது விக்கெட்டுக்கு 267 ஓட்டங்கள் சேர்த்தார்கள். பின்னால் எவர்டன் வீக்ஸ் 128, ராபர்ட் கிறிஸ்டியானி 107. மொத்தம் 631. அத்தனைக்கும் பிறகு ரங்காச்சாரியின் கணக்கு 107 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். எதிரணியில் நான்கு சதங்கள் விழுந்த இன்னிங்ஸில் பாதி அணியை அவர் ஒருவரே வீழ்த்தினார்.

டிசம்பரில் பம்பாய். செத்துக் கிடந்த ஆடுகளத்தில் மேற்கிந்தியத் தீவு 6 விக்கெட்டுக்கு 629. வீக்ஸ் 194. ரங்காச்சாரி 148 ஓட்டங்கள் கொடுத்து விக்கெட் இல்லாமல் திரும்பினார். ஒரு மாதத்துக்கு முன் எடுத்த ஐந்து விக்கெட்டுகள் அவரைக் காப்பாற்றவில்லை. அதன்பின் அவர் டெஸ்ட் ஆடவே இல்லை.

தேர்வாளர்களின் புத்தி அந்தத் தொடரில் எப்படி வேலை செய்தது என்பதைப் பார்த்தால் இது தனிமனிதருக்கு நேர்ந்த அநீதி மட்டும் அல்ல என்பது புரியும். மூன்றாவது டெஸ்டில், கல்கத்தாவில், மோண்டு பானர்ஜி என்ற வங்காளத்துக்காரரை அழைத்தார்கள். அவர் பந்தயத்தில் ஐந்து விக்கெட் எடுத்தார், மறுபடி அழைக்கப்படவில்லை. நான்காவதில் நிரோத் சௌத்ரி. ஐந்தாவதில், முப்பத்தேழு வயதில், ஷூட் பானர்ஜி. அவரும் ஐந்து விக்கெட் எடுத்தார், அவருக்கும் அதுவே முதலும் கடைசியுமான டெஸ்ட். ஐந்து பந்தயங்களில் நான்கு புதுப்பந்துக்காரர்கள். கோயில் தேரின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைக்கூட இப்படி வீதிக்கொருவராக மாற்றமாட்டார்கள்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது நான்காவது டெஸ்ட். அது 1949 ஜனவரி இறுதியில் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தது. ரங்காச்சாரிக்கு ஒவ்வொரு புல்லும் தெரிந்த மைதானம். எந்தப் பந்துவீச்சாளனுக்கும் தன் ஊர்க்காரர்கள் முன்னால் டெஸ்ட் ஆடுவது ஒரு வாழ்நாள் வரம். ரேயும் ஸ்டால்மையரும், டில்லியில் அவர் பந்தில் வீழ்ந்த அதே இருவர், முதல் விக்கெட்டுக்கு 239 ஓட்டங்கள் சேர்த்தார்கள். வேகத்துக்கு அந்த ஆடுகளத்தில் உயிர் இருந்தது என்பதற்குச் சாட்சி, மிதவேகத்தில் வீசிய தத்து பட்கர் 159 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தது. மேற்கிந்தியரின் வேகத்தின் முன் இந்தியா இன்னிங்ஸ் மற்றும் 193 ஓட்டங்களில் நொறுங்கியது. தொடரும் அந்த ஒரு பந்தயத்தால் பறிபோயிற்று. உலக கிரிக்கெட்டில் அந்தச் சென்னை டெஸ்ட் இன்றும் நினைக்கப்படுவது வேறொரு காரணத்துக்காக. தொடர்ந்து ஐந்து இன்னிங்ஸில் சதம் அடித்திருந்த வீக்ஸ், ஆறாவதை நோக்கிப் போகையில் 90 ஓட்டங்களில் ரன் அவுட் ஆனார்.

பிறகு நடந்தவற்றை விரைவாகக் கடக்கலாம். இந்திய கிரிக்கெட் சுழற்பந்தை நம்பிப் பெரும் வெற்றிகளும் கண்டது. புதுப்பந்தை மண்ணில் தேய்த்துச் சீக்கிரம் பழசாக்குவதே தொடக்க ஓவர்களின் நோக்கமாயிற்று. 1967இல் பர்மிங்காமில் விக்கெட் காப்பாளரான புதி குந்தரன் இந்தியாவுக்காகப் புதுப்பந்து வீசினார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். வேகத்தைப் போடாத நாடு வேகத்தை ஆடவும் மறந்தது. 1962இல் பார்படோஸில் கிரிஃபித்தின் பந்து நாரி கன்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்த பிறகுதான் வாரியம் விழித்துக்கொண்டு, மறு பருவத்தில் நான்கு மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர்களை வரவழைத்து ரஞ்சிப் பந்தயங்களில் ஆடவிட்டது. ராய் கில்கிறிஸ்ட் ஐதராபாத்துக்கு, ஸ்டேயர்ஸ் பம்பாய்க்கு, வாட்சன் டில்லிக்கு, லெஸ்டர் கிங் வங்காளத்துக்கு. மருந்து இறக்குமதி செய்யப்பட்டது, வைத்தியன் உருவாக்கப்படவில்லை.

மண்ணைக் குறை சொல்பவர்களுக்கு 1975 ஜனவரிச் சேப்பாக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆன்டி ராபர்ட்ஸ் முதல் இன்னிங்ஸில் 64 ஓட்டங்களுக்கு 7, இரண்டாவதில் 57க்கு 5. விஸ்வநாத்தின் ஆட்டமிழக்காத 97 அந்த நெருப்புக்குள்ளிருந்து எழுந்ததால்தான் காவியமாயிற்று. அதே மண், அதே வெயில், பன்னிரண்டு விக்கெட்.

1987இல் சென்னையில் எம்.ஆர்.எப். நிறுவனம் வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கி, டென்னிஸ் லில்லியைக் குருவாக அழைத்து வந்தது. டி.ஏ.சேகர் அவருக்குத் துணைநின்றார். ஸ்ரீநாத், ஜாகீர்கான் போன்றவர்கள் அங்கே உருவானார்கள். லில்லி தன் டெஸ்ட் வாழ்வில் 355 விக்கெட்டுகளை 23.92 சராசரியில் எடுத்தவர். வேகப்பந்தின் பேராசான் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதே லில்லி ஆசிய மண்ணில், பாகிஸ்தானில் மூன்றும் இலங்கையில் ஒன்றுமாக ஆடிய நான்கு டெஸ்டுகளில் எடுத்தவை ஆறு விக்கெட்டுகள், சராசரி 68.33. ரங்காச்சாரியும் நான்கு டெஸ்டுகள்தான் ஆடினார். ஒன்பது விக்கெட், 54.77. இருவரையும் ஒரே தட்டில் வைக்கும் அசட்டுத்தனத்தை நான் செய்யவில்லை. லில்லிக்கு மேலும் அறுபத்தாறு டெஸ்டுகள் கிடைத்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

லில்லி சென்னைக்கு வந்த ஆண்டில் ரங்காச்சாரிக்கு வயது எழுபத்தொன்று. 1993 அக்டோபர் 9 அன்று சென்னையில் காலமானார். சேலத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜன், வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியா போய், பிறர் காயமுற்றதால் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி அணிந்ததை அண்மையில் எல்லோரும் கொண்டாடினோம். அவரும் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார்; அவருக்கும் அடுத்த டெஸ்ட் வாய்க்கவில்லை.

டில்லியில் ரங்காச்சாரி எடுத்த அந்த ஐந்து விக்கெட்டுக்குப் பிறகு, தமிழக வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் டெஸ்ட் இன்னிங்ஸில் மறுபடி ஐந்து விக்கெட் எடுத்தது 2005 மார்ச்சில், மொகாலியில், பாகிஸ்தானுக்கு எதிராக. எடுத்தவர் லட்சுமிபதி பாலாஜி, 76 ஓட்டங்களுக்கு 5. இடையில் ஐம்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன.